உடன் தங்குகிறவளுக்குத் தெரிய வேண்டியது

மகளே,

நாளை மாலை விழுப்புரம் ஜங்ஷனில் நீ புவனேஸ்வரம் ரயில் ஏறுகிறாய். கூடத்தில் உன் பெட்டி பாதி அடுக்கியபடி கிடக்கிறது. நீயும் அப்பாவும் கடைவீதிக்குப் போயிருக்கிறீர்கள். கருத்தரங்கு நடத்துகிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று அனுப்பிய குறிப்பை நீ எனக்கும் அனுப்பியிருந்தாய். ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வெளியே வருவது, ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள், விருந்தினர் விடுதியில் எத்தனை மணிவரை சாப்பாடு கிடைக்கும், கடைசி நாள் பூரி கடற்கரைக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவானது. உனக்கென்று எழுத வேண்டியதை நான்தான் எழுத வேண்டும். வாயால் சொன்னால் "கிளாஸ் எடுக்காதம்மா" என்பாய். நான் குரலை உயர்த்துவேன். நீ அறைக்குள் போய்விடுவாய். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு நீ எழுந்து போகலாம். ஆனால் அது உன்னோடு கத்தாது, இருந்த இடத்திலேயே இருக்கும்.

உனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. பாண்டிச்சேரி டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசிவிடுவேன். வீட்டில் நாம் 'அது' என்போம். அது வந்து ரொம்ப நாளாச்சு, அதுக்கு மாத்திரை போட்டியா. உன் அத்தை 'மயக்கம்' என்பார். வேதியியல் படித்துவிட்டு, எந்தப் பொருளையும் அதன் சரியான பெயரால் எழுதச் சொல்லிப் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிக்கிற எனக்கு, சொந்த வீட்டிலிருக்கும் ஒரு நோயின் பெயரை எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ரயிலிலிருந்து தொடங்குகிறேன். உனக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வயதானவர் யாராவது வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உனக்கு மனம் கேட்காது. "எனக்கும் உடம்பு சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திரு. பெட்டி வாசலில் நின்றுகொண்டு போன் பேசாதே. ஆந்திராவைக் கடக்கும் அந்த ராத்திரி முழுக்கத் தூங்கு. உரையைத் திருத்துகிறேன் என்று மடிக்கணினியைத் திறக்காதே. தூக்கம் கெட்டால் உனக்கு என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். மாத்திரையில் ஒரு பங்கு கைப்பையிலும் ஒரு பங்கு பெட்டியிலும் இருக்கட்டும். நீ அவற்றை உரித்து விட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். உரிக்காத அட்டையாகவே எடுத்து வை. நினைவில்லாமல் கிடக்கும் ஒருத்தியின் பையைத் துழாவுகிற டாக்டருக்குப் பொய்யான பெயர் ஒட்டிய டப்பாவால் ஒரு பயனும் இல்லை. பூரியில் எல்லாரும் கடலில் இறங்குவார்கள். நீ கரையில் நில். செருப்புக்குக் காவல் இருக்கிறவள் என்று கேலி செய்தால் செய்யட்டும்.

இனி தங்கும் இடம். இந்தக் கடிதமே அதற்காகத்தான். விடுதியில் இருவருக்கு ஓர் அறை என்றும், தமிழ்நாட்டுப் பெண்களை ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றும், உன்னோடு தங்கப்போகிறவள் தமிழரசி என்றும் போன வாரம் போனில் சொன்னாய். அப்போது உன் குரலில் சிரிப்பு இருந்தது. "நாத்தனாரோட ரூம்ல போட்டுட்டாங்கம்மா, இன்னா பொருத்தம் பாரு." தமிழரசி திண்டிவனத்தில் கல்லூரி ஆசிரியை. நீ மல்லாட்டைப் பயிரின் இலைப்புள்ளி நோயைப் பற்றிப் பேசப் போகிறாய். அவள் கேப்பையைப் பற்றி. அதில் ஒன்றும் இல்லை. ஆவணியில் உனக்கு நிச்சயம் செய்யப்போகிற பையனின் சித்தப்பா மகள் அவள் என்பதுதான் விஷயம். அந்தப் பையனுக்கு உன் நோய் தெரியாது. அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த நாளே நீ மறுபடி போன் செய்தாய். சிரிப்பு இல்லை. "அங்க பக்கத்துலயே ஒரு லாட்ஜ் பாத்துட்டேன். தனியாப் படுத்தாதான் எனக்குத் தூக்கம் வரும்னு தமிழரசி அக்காகிட்ட சொல்லிக்கிறேன். ராத்திரி ஏதாவது வந்தா அவங்க பாத்துட்டா எல்லாம் போச்சும்மா."

தெரியாத ஊரில், பாஷை புரியாத ஒரு லாட்ஜில், உள்பக்கம் தாழ்போட்ட அறையில் நீ தனியாகக் கிடப்பதை நினைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தேன். என் பள்ளியில் படித்த ஒரு பெண்ணைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில்லை. உன்னைப் போலத்தான் அவளுக்கும் வலிப்பு. சொல்லாமலே கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் மாமியார் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரையை ஒருநாள் போடுவாள், ஒருநாள் விடுவாள். பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டாள். குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவளை எடுத்தார்கள். முகம் மூழ்கிச் சாக பக்கெட்டில் இருந்த தண்ணீர் போதுமானதாக இருந்தது. துக்கத்துக்குப் போனபோது அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வழுக்கி உழுந்துட்டா டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகும் அவள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

இந்தப் பழக்கம் நம் வீட்டில் எங்கே தொடங்கியது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பத்தாவது படித்தபோது முதல் தடவை வந்தது. பயந்துபோன அத்தை, மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போய் வருவோம் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் வந்தேன். அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவதைப் பார்ப்பதற்காக அந்தக் கூட்டத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தபோது நீ விழுந்தாய். அதற்குள் ஒரு வளையம் கூடிவிட்டது. "தள்ளுங்க தள்ளுங்க, ஆத்தா வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். யாரோ உன் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள். யாரோ வேப்பிலையால் விசிறினார்கள். உனக்கு உதறல் நின்று, கடைவாயில் எச்சில் வழிய, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாய். ஒரு பெண் உன் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். "தாயே, எம் புள்ள ஊட்ட வுட்டுப் போயி வருசம் ஆச்சே, எங்க கீறான்னு சொல்லு தாயே." நீ "தண்ணி" என்றாய். "தண்ணிக்கு அந்தாண்ட கீறானாம்! கடல் தாண்டிப் போயிட்டானாம்!" என்று அவள் மண்ணில் புரண்டு அழுதாள். உனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் முட்டி மோதி உள்ளே வந்து சேர்ந்தபோது உன் முன்னால் சில்லறை விழுந்து கிடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் மடியில் தூங்கினாய். நான் அத்தையிடம், "அண்ணி, இது சாமி இல்ல. நோய். இதுக்கு டாக்டர் இருக்காங்க" என்றேன்.

"தெரியும்டி. நான் இன்னா கூமுட்டையா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீ ஜல்தியா டாக்டர்கிட்ட இட்டுக்கினு போ. மாத்திர குடு. யார் வேணாம்னா? பேரு மட்டும் வேணாம். சாமி வந்த பொண்ணக் கட்டிக்க நாலு பேரு வருவான் டீச்சரம்மா. ஃபிட்ஸ் வந்தவள எவன் கட்டிக்கினு போவான்? ஊருல யாராவது கேட்டா ஆத்தா வந்துட்டான்னே சொல்லு."

அவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். அடுத்த வாரமே நாம் பாண்டிச்சேரி டாக்டரிடம் போனோம், மருந்து தொடங்கியது, வலிப்பும் குறைந்தது. ஆனால் அத்தை சொன்ன இரண்டாவது பாதியையும் நான் ஏற்றுக்கொண்டேன். சாமி என்று சொல்லத்தான் என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் படித்தவள் வாயில் பொருந்துகிற ஒரு பொய்யைத் தேடிப் பிடித்தேன். சுகர் இறங்கிவிடுகிறது என்பது அந்தப் பொய். உறவினர்களிடம் சொன்னேன். உன் பள்ளியில் சொன்னேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. மருத்துவ வார்த்தை போலிருந்தால் ஜனங்கள் சட்டென்று நம்பிவிடுகிறார்கள் என்று அப்போது எனக்குள் கொஞ்சம் ஏளனம்கூட இருந்தது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உன்னைக் கொண்டுபோய் விட்டபோது உன்னோடு அறையில் இருந்தவள் ஸ்டெல்லா. செஞ்சிப் பக்கத்துப் பெண். நீ குளிக்கப் போயிருந்தாய். நான் உன் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே அவளிடம், "பாப்பாவுக்கு எப்பவாவது சுகர் எறங்கிடும்மா. மயங்கி விழுந்தா வாயில கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணி ஊத்து, சரியாப் போயிடும்" என்றேன். "நீங்க கவலப்படாம போங்க ஆன்ட்டி, நான் கீறேன் இல்ல" என்றாள். நான் பஸ் ஏறுவதற்குள் கடைக்குப் போய்த் தானே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வந்து, அலமாரியில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். அப்படிப்பட்ட பெண் அவள்.

இரண்டாம் வருஷத் தேர்வு நேரத்தில், ஒரு காலைப் பொழுது, கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் நீ விழுந்தாய். பல் கிட்டியிருந்தது. ஸ்டெல்லா நான் சொன்னதைச் செய்தாள். கரண்டியால் பல்லை நெம்பித் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீரையும் ஊற்றினாள். உன் பல் ஒன்று உடைந்தது. அவளுடைய விரலை நீ எலும்பு வரை கடித்திருந்தாய். அப்படியும் அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ செத்துப்போவாய் என்று நினைத்திருக்கிறாள். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போயிற்று. விழுந்த வேகத்தில் சளி உள்ளே போய் நிமோனியா ஆகிவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது உண்மையில்லை. நீ செயற்கை மூச்சுக் கருவியில் இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு டம்ளர் தண்ணீர். அதை ஊற்றச் சொன்னது நான்.

நானும் அத்தையும் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலில் கட்டு. சுடிதாரின் முன்பக்கம் குளுக்கோஸ் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அத்தை நேரே அவளிடம் போனார்.

"இன்னாடி பண்ண எம் பொண்ண? வலிப்பு வந்த வாயில எவளாவது தண்ணி ஊத்துவாளா? அறிவு கீதா உனக்கு?"

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "வலிப்பா? சுகர்னுதானே ஆன்ட்டி சொன்னாங்க..." என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி? நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க?"

சுவரில் பார்வையாளர் நேரம் எழுதி ஒட்டியிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "நீ ஹாஸ்டலுக்குப் போம்மா, அப்புறம் பேசலாம்" என்றேன். அப்புறம் பேசவில்லை. ஆமாம், நான்தான் சொன்னேன் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் அதைச் சொன்னால் வார்டன், கல்லூரி, ஊர் என்று நோயின் பெயர் பரவும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெண்ணின் தலையில் பழியை விட்டுவிட்டு வருவது மலிவாகத் தெரிந்தது. நீ உடம்பு தேறி ஹாஸ்டலுக்குத் திரும்புவதற்குள் அவள் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தாள். உன்னைக் கண்டால் வழி மாறிப் போனாள். நீ அன்று போனில் அழுதுகொண்டு சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "பாத்தியாம்மா, தெரிஞ்சதும் ஓடிட்டா. இனிமே யாருக்கும் தெரியக்கூடாது." நான், "விடு, போனாப் போறா" என்றேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. உன் நோய் தெரிந்ததால் ஸ்டெல்லா உன்னை விட்டுப் போகவில்லை. தெரியாமல் உன்னைத் தன் கையாலேயே கொன்றிருப்போமே என்ற பயத்தில் போனாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான். நீ அந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு மனிதர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாய். அந்த முடிவின்மேல் உன் மொத்த வாழ்க்கையையும் அடுக்கிவிட்டாய். தோழிகளோடு வெளியூர் போவதில்லை. யார் வீட்டிலும் தங்குவதில்லை. இப்போது விட்டமின் டப்பா. இப்போது லாட்ஜ். ஆய்வில் இப்படி ஒரு தவறான தரவை வைத்து யாராவது முடிவு எழுதினால் நீயே கிழித்துப் போடுவாய். தரவைப் பொய்யாகக் கொடுத்தவள் உன் அம்மா என்பதால் உனக்குச் சந்தேகம் வரவில்லை.

எல்லாரும் நல்லவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்படியொரு நம்பிக்கை இல்லை. சொன்னால் சிலர் விலகத்தான் செய்வார்கள். வரன்கள் போகும். அத்தையின் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அந்தக் கணக்கில் கல்யாணம் வரைக்கும்தான் வரிகள் இருக்கின்றன. அதற்கு மறுநாள் ஒரே அறையில் ஒருவனோடு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப்போகிறவளைப் பற்றி ஒன்றும் இல்லை. குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே வர வேண்டும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். உன்னோடு வாழ்கிறவனுக்குத் தெரியாமல் அதை எப்படிச் செய்வாய்? நீ, "நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். மாடியில் அவனோடு போனில் பேசிவிட்டு நீ இறங்கி வரும்போது உன் முகத்தைப் பார்க்கிறேன். அந்த முகத்தோடு இதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதும் எனக்குப் புரிகிறது.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்று பள்ளி விட்டதும் தமிழரசிக்குப் போன் செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜூஸ் கடைக்கு வரச் சொன்னேன். வந்தாள். உட்காரும்போதே, "இன்னாம்மா, எங்க அண்ணனப் பத்தி விசாரணையா? நல்லவன்தான். கொறட்ட மட்டும் விடுவான், பக்கத்து ஊட்டுக்காரன் எழுந்து வந்துடுவான்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "எம் பொண்ணுக்கு வலிப்பு நோய் இருக்குதும்மா" என்றேன். அவள் ஜூஸ் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"பத்தாவது படிக்கறப்பலேர்ந்து."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பெரியம்மாவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"எங்கிட்டயா?" அவள் முகம் இறுகிவிட்டது. "நல்லா பேஜாருல மாட்டி வுட்டுட்டீங்களே. பொண்ணு பாக்க வந்தப்ப பஜ்ஜி குடுத்தீங்க, கேசரி குடுத்தீங்க, இத மட்டும் சொல்லல. இது ஏமாத்தற வேல இல்லயா? நீங்க டீச்சர் வேற."

"ஏமாத்தற வேலதான்" என்றேன்.

ரூமை மாற்றித் தரச் சொல்லி அங்கே போன் செய்யலாமா என்றுதான் தனக்கு முதலில் தோன்றியதாக அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பிறகு, "சரி, அவங்களுக்கு வந்துச்சுன்னா நான் இன்னா பண்ணணும்? அத்த மொதல்ல சொல்லுங்க" என்று போனை எடுத்து எழுதிக்கொள்ளத் தயாரானாள். சொன்னேன். பக்கத்தில் இருக்கிற நாற்காலி, மேஜையைத் தள்ளு. தலைக்குக் கீழே துணி மடித்து வை. ஒருக்களித்துப் படுக்க வை. கையைக் காலை அமுக்காதே. கையில் சாவி, இரும்பு எதையும் கொடுக்காதே. வாயில் எதையும் போடாதே, எதையும் ஊற்றாதே. ஐந்து நிமிஷத்துக்குமேல் போனால் ஆஸ்பத்திரி. அடங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்திரு. எங்கே இருக்கிறோம் என்று கேட்பாள், சொல்லு. அவ்வளவுதான். ஸ்டெல்லாவிடம் துணி அடுக்கிக்கொண்டே சொல்லியிருக்கக்கூடியதுதான் இது. "இவ்ளோதானா?" என்று கேட்டாள் தமிழரசி.

கிளம்பும்போது அவள் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "நானாப் போயி அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேம்மா. அது அவங்க வாயால வரணும். ஆனா அண்ணன் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். பெரியம்மா ஒத்துக்க மாட்டாங்க, அதயும் இப்பவே சொல்லிடறேன். அண்ணன் எப்படின்னு எனக்குத் தெரியல." அவள் சென்னையிலிருந்து வேறு ரயிலில் போகிறாள், உனக்கு ஒரு நாள் முன்னதாகவே விடுதியில் இருப்பாள்.

இது உன் நோய். யாரிடம் எப்போது சொல்வது என்பதும் உன்னுடையதாகத்தான் இருந்தது. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். முன்பு உன்னைக் கேட்காமல் மறைத்தேன், இப்போது உன்னைக் கேட்காமல் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் உன் நல்லதைத்தான் காரணமாகச் சொல்கிறேன் என்பதால் என் வார்த்தையில் உனக்குச் சந்தேகம் வருவது நியாயம். உன் சோற்றில் மண்ணைப் போட்டேன் என்று அத்தை சொல்வார். அதுவும் நடக்கலாம். நாளை உன்னை வழியனுப்ப அவன் ஜங்ஷனுக்கு வருகிறான் என்றாய். ரயில் வருவதற்குமுன் நானும் அப்பாவும் டீ குடிக்கப் போய்விடுகிறோம். உன் வாயால் நீ சொல்வதற்கு இருக்கிற நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். சொன்ன பிறகு அவன் என்ன செய்வான் என்று உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. அவன் திரும்பி நடந்து போய்விடலாம். அப்படியானால் நீ அழுதுகொண்டே ரயில் ஏறுவாய். அந்த நிலையிலும் ராத்திரி மாத்திரையைப் போட வேண்டும் என்றுதான் எனக்கு இப்போதும் எழுதத் தோன்றுகிறது.

லாட்ஜ் அறையை ரத்து செய்துவிடு. விடுதிக்கே போ. தமிழரசி முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். அவள் அண்ணன் கதை என்ன ஆயிற்று என்று இருவருமே கேட்டுக்கொள்ள முடியாமல் ஒரே அறையில் மூன்று நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். என்மேல் இருக்கிற கோபத்தில் நீ அங்கிருந்து எனக்குப் போன் செய்யாமல் இருந்தால் அதையும் தாங்கிக்கொள்வேன். எத்தனை நாளானாலும் பேசாமல் இரு. அவள் காதுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் படுத்துத் தூங்கு.

அம்மா